காதல் நாவல்கள் பெண்களின் உறவுப் பார்வையைக் கெடுக்கின்றனவா?

கேள்வி இதுதான்: கல்லூரியில் படிக்கும் தங்கை ஓய்வு நேரம் முழுவதையும் காதல் நாவல்களிலேயே கழிக்கிறாள். இத்தகைய கதைகள் ஆண்-பெண் உறவு குறித்துப் பெண்களுக்குத் தவறான எண்ணங்களைத் தந்துவிடும், பின்னாளில் அவர்களுடைய வாழ்க்கையையே பாதிக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அது உண்மையா? உண்மையென்றால் அவளைத் தடுக்க வேண்டுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதல் நாவல் படிப்பதால் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்வதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் அந்தக் கதைகளில் ஒரு வகை, ஒரே ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்தப் பாடம் ஆபத்தானது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மற்றபடி எழுப்பப்படும் கவலைகளில் பெரும்பகுதி, பெண்கள் எதையாவது விரும்பிப் படித்தாலே கிளம்பிவிடும் பழைய சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகத்துக்கு வயது மிக அதிகம். ஐரோப்பாவில் நாவல் என்ற வடிவம் பரவத் தொடங்கியதுமே, அதைப் படிக்கும் பெண்களைப் பற்றிய பயமும் கூடவே வந்துவிட்டது. 1752-இல் சார்லட் லெனாக்ஸ் எழுதிய ஓர் ஆங்கில நாவலின் நாயகி, தான் படித்த பிரெஞ்சுக் காதல் கதைகளை நடந்த வரலாறு என்றே நம்பி, எதிர்ப்படும் ஆண்களையெல்லாம் தன்னைக் கடத்திப்போக வந்தவர்களாக எண்ணிக் கலங்குகிறாள். ஒரு நூற்றாண்டு கழித்து பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி' நாவலில் படைத்த எம்மா, கன்னிமாடத்தில் ஒளித்துவைத்துப் படித்த கதைகளின் மயக்கத்தில் தன் இல்லற வாழ்க்கையை வெறுத்து அழிகிறாள். 1792-இல் பெண் கல்விக்காக வாதாடிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்கூட, உணர்ச்சியை மட்டுமே கிளறிவிடும் நாவல்களைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மனத்தை வெறுமையாக விட்டுவைப்பதைவிட எதையாவது படிப்பது மேல் என்றும் எழுதினார். நல்ல கல்வியும் பொதுவாழ்வில் பங்கும் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருப்பதால்தான் அவர்கள் இந்தக் கதைகளில் போய் அடைக்கலம் தேடுகிறார்கள் என்பது அவருடைய வாதம். கதையைப் பழிப்பதற்கு முன் கதவை அடைத்தவர்களைக் கேள் என்று அவர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

துப்பறியும் கதை படிக்கிறவர்கள் கொலை செய்யக் கற்றுக்கொள்வார்கள் என்றோ, போர்க்கதை படிக்கும் ஆண்கள் பக்கத்து வீட்டின்மீது படையெடுப்பார்கள் என்றோ நாம் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. 1992-இல் ஜெய்ன் ஆன் கிரென்ட்ஸ் தொகுத்த கட்டுரை நூலில் காதல் நாவலாசிரியைகள் பலர் இதைத்தான் கேட்டார்கள்: கற்பனைக்கும் வாழ்க்கைக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் எங்கள் வாசகிகள் மட்டும்தானா? நியாயமான கேள்வி. ஊடகத்தின் தாக்கம் தன்னைவிட மற்றவர்கள்மீதுதான் அதிகம் என்று மனிதர்கள் நம்புவது வழக்கம். இதை 1983-இல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் விளக்கி எழுதினார். 'எனக்கு ஒன்றும் ஆகாது, பாவம் அவள்தான் ஏமாந்துவிடுவாள்' என்ற எண்ணம், இளம்பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் எளிதாக வந்துவிடுகிறது.

இருந்தாலும் கதைகளுக்கு எந்தத் தாக்கமும் இல்லை என்று வாதாடுவது அதே அளவுக்குத் தவறு. கதைக்குள் முழுதாக மூழ்கிவிடும்போது அதில் வரும் கருத்துகளை எதிர்த்து வாதாடும் மனநிலை தளர்ந்துவிடுகிறது, படித்து முடித்த பிறகு அந்தக் கருத்துகள் நம் நம்பிக்கைகளோடு சற்று ஒட்டிக்கொள்கின்றன என்று மெலனி கிரீன், திமதி பிராக் என்ற உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கதை உண்மையா புனைவா என்பதுகூட இதில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. நல்ல இலக்கியத்தின் வலிமை என்று நாம் புகழ்வதும் இதே இயல்பைத்தான். ஒரு நாவல் மனத்தை விரிவாக்கும் என்று நம்புகிறவர்கள், இன்னொரு நாவல் மனத்தைக் கோணலாக்கக்கூடும் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும்.

ஆகவே எந்தக் கதை, எந்தக் கருத்து, யாரிடம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்த ஆய்வுகள் சில உண்டு.

2000-இல் அமாண்டா டீக்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு நுட்பமான ஆய்வு செய்தார்கள். காதல் நாவல்களை அதிகம் படிக்கும் மாணவிகளிடம் ஆணுறை குறித்த தயக்கமும், அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் குறைவும் காணப்பட்டன. இதைக்கொண்டு மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த கட்டமாக, பாதுகாப்பைப் பற்றி நாயகனும் நாயகியும் இயல்பாகப் பேசிக்கொள்ளும் காட்சிகள் சேர்த்த கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். அவற்றைப் படித்தவர்களிடம் ஆணுறை பற்றிய கருத்து நல்ல விதமாக மாறியிருந்தது. இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கோ அதுதான் ஆய்வின் உயிர்நாடியாகத் தெரிகிறது. காதல் கதை என்ற வடிவம் தீங்கானதாக இருந்தால், அதே வடிவம் நல்ல பழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருக்காது. வடிவம் எதையும் ஏற்றிச் செல்லும். அதில் என்ன ஏற்றப்படுகிறது என்பதே பார்க்க வேண்டியது.

2011-இல் சூசன் குவில்லியம் என்ற பிரிட்டிஷ் உறவு ஆலோசகர் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. ஆலோசனைக்கு வரும் பெண்களின் பிரச்சினைகளில் பல, காதல் நாவல்கள் விதைத்த எதிர்பார்ப்புகளோடு தொடர்புடையவை என்பது அவர் கருத்து. நாவல்கள் இன்பம் எப்போதும் உச்சத்தில் முடியும் என்று காட்டுவதையும், கருத்தடை பற்றிப் பெரும்பாலும் பேசாமலே விட்டுவிடுவதையும் அவர் சுட்டினார். அனுபவமுள்ள ஒருவரின் கவனிப்பு என்ற முறையில் அது மதிக்கத்தக்கது. ஆனால் அது கருத்துக் கட்டுரை, அளந்து பார்த்த ஆய்வு அன்று. செய்தித்தாள்கள் அந்த வேறுபாட்டை மறந்துவிட்டன.

2014-இல் ஏமி போனோமி குழுவினர் 18 முதல் 24 வயதுவரையுள்ள இளம்பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ஆதிக்கமும் வேதனையும் கலந்த காதலைச் சொல்லி அப்போது உலகெங்கும் விற்பனையில் கொடிகட்டிப் பறந்த ஒரு மூன்று பாக நாவலைப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். படித்தவர்களுக்கு, தங்களைத் திட்டிக் கத்தும் துணைவர்களும் பின்தொடர்ந்து தொல்லை தரும் துணைவர்களும் வாய்த்திருப்பது அதிகமாகக் காணப்பட்டது. ஒரு நாளுக்கும் மேலாகப் பட்டினி கிடக்கும் பழக்கமும் கூடுதலாக இருந்தது. கேட்கவே கலக்கமாக இருக்கிறது. ஆனால் எது முதலில் வந்தது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது, ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். நாவல் படித்ததால் அப்படிப்பட்ட ஆணைத் தேடிப்போனார்களா, அல்லது ஏற்கெனவே அப்படிப்பட்ட உறவில் சிக்கியிருந்தவர்கள் தங்கள் அனுபவத்துக்கு ஒரு விளக்கம் தேடி அந்தக் கதையை எடுத்தார்களா? இரண்டாவது சாத்தியத்தை நான் லேசாக எண்ணுவதில்லை. துன்பத்தில் இருப்பவர்கள், தங்கள் துன்பம் நல்லபடியாக முடியும் கதையை விரும்பிப் படிப்பது மனித இயல்பு.

மறுபக்கத்திலும் ஒரு ஆய்வு இருக்கிறது. கனடாவில் காட்ரினா ஃபாங், ஜஸ்டின் மலின், ரேமண்ட் மார் ஆகியோர் 2013-இல் எந்த வகைக் கதை படிப்பவர்கள் பிறர் முகத்தில் உள்ள உணர்வைச் சரியாகப் படிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். வயது, பால், ஆளுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், காதல் கதை படிப்பவர்களிடம் அந்தத் திறன் கூடுதலாகக் காணப்பட்டது. இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அன்று. ஆனாலும் காதல் நாவல் படிப்பவள் மனிதர்களைப் புரிந்துகொள்ளத் தெரியாத கனவுலகவாசி என்ற சித்திரத்தோடு இது பொருந்தவில்லை.

இனி, ஆபத்தான அந்த ஒரு பாடத்துக்கு வருகிறேன்.

1984-இல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல்களைப் பற்றி ஆராய்வதற்கு அவற்றைப் படிக்கும் பெண்களிடமே போய்க் கேட்டார். அதுவரை விமரிசகர்கள் பலர் நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு வாசகிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு நகரத்தில், ஒரு புத்தகக் கடையைச் சுற்றி உருவான வாசகிகள் குழுவில் 42 பேர் அவருடைய வினாத்தாளுக்குப் பதில் எழுதினார்கள். பெரும்பாலும் மணமானவர்கள், தாய்மார்கள். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டால், கதையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். நாள் முழுவதும் கணவருக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்கிறவர்களுக்கு, கையில் புத்தகம் இருக்கும் அந்த நேரம் மட்டுமே தங்களுக்கானது. எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் அவர்களை யாரும் கவனித்துக்கொள்வதில்லை. நாயகியை ஒருவன் முழு மனத்தோடு கவனிக்கும் கதையில் அவர்கள் அந்தக் குறையைச் சற்று ஆற்றிக்கொண்டார்கள். இதைப் படித்தபின் காதல் நாவல் வாசகியை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவே இல்லை.

அந்தப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் படித்தவர்களும் அல்லர். நாயகி வன்புணர்வுக்கோ சித்திரவதைக்கோ ஆளாகும் கதைகளை வெறுத்தார்கள். சிலர் கடைசிப் பக்கங்களைப் படித்து முடிவு நல்லதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே நூலை வாங்கினார்கள்.

ஆனால் ராட்வே இன்னொன்றையும் கவனித்தார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக டேனியா மாட்லெஸ்கி என்ற விமரிசகரும் அதைத் தொட்டிருந்தார். இந்தக் கதைகளில் பலவற்றில் நாயகன் தொடக்கத்தில் கடுமையானவன். நாயகியை அவமதிக்கிறான், சந்தேகிக்கிறான், குத்திப் பேசுகிறான், சில கதைகளில் கையையும் பிடித்து முறுக்குகிறான். கடைசியில் தெரியவருகிறது: அவன் முதலிலிருந்தே அவளை நேசித்தான், பழைய காயம் ஒன்று அவனை அப்படி நடக்க வைத்தது. உடனே நாயகியோடு சேர்ந்து வாசகியும் முந்தைய பக்கங்களையெல்லாம் மனத்துக்குள் திருத்திப் படிக்கிறாள். அவமதிப்பு பொறாமையாகிறது, பொறாமை அன்பாகிறது. ஆணின் கொடுமைக்கு அன்பு என்று பொருள் சொல்லிக்கொள்ளும் பயிற்சி இது என்று ராட்வே அஞ்சினார்.

இந்தக் கதைகளில் கொடுமை எப்படி இனிக்கிறது என்று யோசித்தால் ஒன்று புலப்படும். அங்கே ஒரு பிணை இருக்கிறது. பிணை கொடுப்பவர் நூலாசிரியர். இது காதல் நாவல், நல்ல முடிவு நிச்சயம் என்பது வாசகிக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கமே இவ்வகை நாவலுக்குக் கூறும் இலக்கணத்தில், மையத்தில் ஒரு காதல் கதை, நம்பிக்கையூட்டும் நிறைவான முடிவு என்ற இரண்டுதான் உண்டு. போதாததற்கு, இன்றைய நாவல்கள் பலவும் நாயகனின் மனத்துக்குள்ளேயே நம்மை அழைத்துப்போகின்றன. அவன் நாயகியிடம் எரிந்து விழுந்துவிட்டு அறைக்குள் போய்த் தலையில் கைவைத்து உட்காருவதை நாம் பார்க்கிறோம். ஆகவே அவன் முரட்டுத்தனம் நம்மை அச்சுறுத்துவதில்லை. எப்போது அவிழும் என்று காத்திருக்கும் புதிராகவே அது நம்மை இழுக்கிறது.

வாழ்க்கையில் அந்தப் பிணையைத் தருவதற்கு யாரும் இல்லை. எரிந்து விழுந்துவிட்டுப் போகிறவன் அறைக்குள் என்ன நினைக்கிறான் என்று காட்டும் பக்கம் அங்கே கிடையாது. அந்த இடத்தை அந்தப் பெண் தானே எழுதி நிரப்பிக்கொண்டால், அதாவது 'இவன் மனத்துக்குள் வருந்துகிறான், என்னை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறான், நான் பொறுத்துப்போனால் மாறிவிடுவான்' என்று அவளே அவனுக்குப் பிணை நின்றால், அங்கேதான் தீங்கு தொடங்குகிறது. காதல் நாவல்களைப் பற்றி எனக்குள்ள உண்மையான அச்சம் இது ஒன்றுதான்.

இந்த அச்சம் வெறும் ஊகமாகவும் இல்லை. கணவன்மாரின் வன்முறையிலிருந்து தப்பிய பெண்களிடம் பேசி லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் 1979-இல் ஒரு சுழற்சியை விவரித்தார். பதற்றம் ஏறுகிறது, வன்முறை வெடிக்கிறது, பிறகு அவன் அழுது மன்னிப்புக் கேட்டு அன்பைக் கொட்டுகிறான். அதன் பின் மறுபடி பதற்றம் ஏறுகிறது. 1981-இல் டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் ஆகியோர், அடியும் அணைப்பும் மாறிமாறி வரும் உறவில் பிணைப்பு வலுவாக இறுகிவிடுகிறது என்று விளக்கினார்கள். ஒரே சீராகக் கொடுமை செய்பவனை விட்டு விலகுவதைவிட, இடையிடையே உருகிப்போகிறவனை விட்டு விலகுவது கடினம். இப்போது அந்த வகை நாவலின் அமைப்பைப் பாருங்கள். கடுமை, வெடிப்பு, கண்ணீரோடு மன்னிப்பு, 'சுபம்'. நாவல் நின்றுவிடும் இடம் அந்தச் சுழற்சியின் மூன்றாம் கட்டம். அதற்கு அடுத்த மாதத்தை அது சொல்வதில்லை. பொய் சொல்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவே. அந்த நிறுத்தத்தையே நிலையான முடிவு என்று நம்பிவிடும் இளம் வாசகிக்காகத்தான் நான் கவலைப்படுகிறேன்.

இணங்காத பெண்ணை விடாமல் துரத்தும் நாயகனும் இதன் இன்னொரு முகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜூலியா லிப்மன் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், பெண்களுக்குத் திரைப்படங்கள் காட்டப்பட்டன. துரத்துதலை அச்சமூட்டும் விதத்தில் பார்த்தவர்கள், 'பின்தொடர்வது ஆழ்ந்த காதலின் அடையாளம்' போன்ற தவறான நம்பிக்கைகளைக் குறைவாக ஏற்றார்கள். அதையே இனிமையான காதலாகக் காட்டிய படத்தைப் பார்த்தவர்களில், படத்தில் ஒன்றிப்போனவர்களும் வாழ்க்கையிலும் இப்படி நடக்கும் என்று எண்ணியவர்களும் அந்த நம்பிக்கைகளை அதிகம் ஏற்றார்கள். எல்லோரும் அல்லர் என்பதைக் கவனியுங்கள். படத்தில் ஒன்றிப்போனபோதோ 'இது வாழ்க்கையில் நடக்கும்' என்று எண்ணியபோதோதான் ஒட்டிக்கொண்டது.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. தொல்காப்பியம், இருவர் மனமும் ஒத்த காதலை அன்பின் ஐந்திணை என்று நடுவில் வைத்தது. ஒருபக்கக் காதலைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் பிரித்து ஓரங்களில் நிறுத்தியது. 'மிக்க காமத்து மிடல்', அதாவது வேட்கை மிகுந்து வலிமையைக் காட்டுவது, பெருந்திணையின் நான்கு குறிப்புகளில் ஒன்று. அவற்றைப் பாடக்கூடாது என்று விலக்கவில்லை. எது எது என்று மயங்காமல் பெயரிட்டுவைத்தது. வலிந்து பற்றுவதை மனமொத்த காதலாக விற்கும் நாவல்களிடம் இல்லாதது இந்தத் தெளிவுதான்.

நாவல்களும் மாறாமல் இருந்துவிடவில்லை. 1972-இல் கேத்லீன் உடிவிஸ் எழுதி, அமெரிக்காவில் வரலாற்றுக் காதல் நாவல்களின் அலையையே தொடங்கிவைத்த நூலில் நாயகனே நாயகியை வன்புணர்வு செய்கிறான், பிறகு கணவனாகிறான். அந்தக் காலத்தில் அது பல நூல்களில் சாதாரணமாக வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வாசகிகளும் பெண் எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் அதைப் படிப்படியாக ஒதுக்கினார்கள். இன்று வரும் நாவல்களில் கணிசமானவை, நாயகியின் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் காட்சியையே காதல் காட்சியாக எழுதுகின்றன. அதே சமயம் இணையத்தில் கடத்தல், அடைத்துவைத்தல், மிரட்டல் ஆகியவற்றைக் காதலாக்கும் இருண்ட காதல் கதைகள் புதிதாகப் பெருகியிருக்கின்றன. சில எழுத்தாளர்கள் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடுபவர்களை நான் மதிக்கிறேன். வயதறிந்த வாசகி, இது கற்பனை என்று தெரிந்தே இருளோடு விளையாடலாம், அது அவளுடைய உரிமை. எச்சரிக்கையும் இல்லாமல், கொடுமைக்காரனை 'ஆன்டி ஹீரோ' என்று கொண்டாடி, கன்னத்தில் அறைந்தவனைப் பத்தாம் அத்தியாயத்தில் தெய்வமாக்கி, அதைக் குடும்பக் கதை என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் பரிமாறுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

அடிக்கடி கேட்கும் இன்னொரு குற்றச்சாட்டு: இந்த நாவல்கள் பெண்களின் எதிர்பார்ப்பைக் கூட்டிவிடுகின்றன, நிஜ ஆண்கள் அவர்களுக்குப் பிடிக்காமல் போகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு குறைவு. எந்த எதிர்பார்ப்பு என்று கேட்க வேண்டும். தான் பேசுவதை ஒருவன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், தன் சோர்வைக் கவனிக்க வேண்டும், தன் இன்பமும் அவனுக்குப் பொருட்டாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் எதிர்பார்த்தால், அதில் கெட்டது எது? இவ்வளவு சிறியதை 'மிகையான எதிர்பார்ப்பு' என்று அழைக்க நேர்ந்தால், குறை அந்த நாவலில் இல்லை. உறவிலிருந்து அதிகம் எதிர்பார்ப்பவர்கள் நிறைவாக வாழும் போக்கு உண்டு என்று டொனால்ட் பாகம் என்ற உளவியலாளரின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டில் சாண்ட்ரா மரே குழுவினர், துணையைச் சற்று உயர்த்தியே பார்ப்பவர்களின் உறவு நிலைத்து நிற்பதையும், காலப்போக்கில் அந்தத் துணைகள் தங்களைப் பற்றிய அந்த உயர்ந்த பார்வையை ஏற்றுக்கொள்வதையும் கண்டார்கள். காதலில் கொஞ்சம் கற்பனை கலந்திருப்பது நல்லதுக்கே.

ஆனால் இரண்டு எதிர்பார்ப்புகள் விதிவிலக்கு. சொல்லாமலே அவன் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. 1982-இல் ஐடல்சன், எப்ஸ்டைன் ஆகியோர் தம்பதியரை வருத்தும் நம்பிக்கைகளைத் தொகுத்தபோது இதையும் அதில் சேர்த்தார்கள். நாவலில் நாயகன் அவள் கண்ணைப் பார்த்தே எல்லாம் அறிந்துகொள்கிறான். வீட்டில் இருப்பவனுக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். மற்றொன்று, விதிக்கப்பட்ட ஒருவன் வருவான், அவன் சரியானவன் என்றால் எல்லாம் தானாகச் சரியாக நடக்கும் என்பது. ரேமண்ட் நீ என்ற உளவியலாளர் 1998-இல், இப்படி விதியை நம்புகிறவர்கள் தொடக்கத்திலேயே நிறைவு குறைந்தால் விரைவாக விலகிவிடுவதையும், உறவு பாடுபட்டு வளர்ப்பது என்று எண்ணுகிறவர்கள் சிக்கல் வரும்போது தாக்குப்பிடிக்க முயல்வதையும் காட்டினார். காதல் நாவல்கள் இந்த விதி நம்பிக்கையை ஊட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் இதை அவை மட்டும் ஊட்டவில்லை. பாட்டு, படம், ஜாதகம், விளம்பரம் எல்லாமே அதைத்தான் பாடுகின்றன.

அளவு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, துணையோடு வாழ்ந்த அல்லது வாழ்கிற 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். நாவலே படிக்காத பெண்கள் வாழும் இடங்களிலும் இந்தக் கொடுமை இருக்கிறது. வெளியேறப் பணம் இல்லாமை, போக வீடு இல்லாமை, பொறுத்துப்போ என்று சொல்லும் உறவினர், புகாரை வாங்காத அதிகாரம் ஆகியவை ஒரு பெண்ணை அந்த உறவில் கட்டிவைக்கின்றன. நாவல் அவளைக் கட்டும் கயிறுகளில் மிக மெல்லியது. அதை மட்டும் அறுத்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடுபவர்கள், பெண்களின் நலனுக்காகப் பேசுகிறார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

உங்கள் தங்கையைப் பற்றி இப்போது பேசலாம். நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தச் சொன்னால் படிப்பது நிற்காது, உங்களிடம் பேசுவதுதான் நிற்கும். அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை, ஏனென்றால் பிற்பாடு ஒருவன் அவளைத் துன்புறுத்தினால் அதைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். அவளுக்குப் பிடித்த நாவல் எது என்று கேட்டு வாங்கி, உண்மையாகவே படியுங்கள். ஏளனப் பார்வை இருந்தால் அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். படித்தபின் அவளோடு பேசும்போது ஒரு விளையாட்டை முயன்று பாருங்கள். நாயகனின் மனத்துக்குள் நடப்பதாகச் சொல்லப்பட்ட பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு, அவன் செய்தவற்றை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவள் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தான், தோழியின் வீட்டுக்குப் போகவிடவில்லை, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினான், மறுநாள் பூங்கொத்தோடு வந்தான். சில நாவல்களில் இந்தப் பட்டியல் நடுங்க வைக்கும். வேறு சிலவற்றில், அவன் காத்திருந்தான், கேட்டான், அவள் வேலைக்குத் துணை நின்றான், தவறியபோது தானே வந்து ஒப்புக்கொண்டு தன் நடத்தையை மாற்றினான் என்று நல்ல மனிதன் ஒருவன் எழுந்து வருவான். எந்தக் கதை எந்த வகை என்று அவளே பிரித்துவிடுவாள். இந்த வாசகிகளின் கூர்மையை நான் நம்புகிறேன்.

அவள் எத்தனை நாவல் படிக்கிறாள் என்பதைவிட, அவள் வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தோழிகள், படிப்பு, சம்பாதிக்கும் எண்ணம், மனம்விட்டுப் பேசும் வீடு ஆகியவை இருந்தால் நாவல் பொழுதுபோக்காகவே இருந்துவிடும். இவையெல்லாம் மெல்ல மெல்ல விலகி நாவல் மட்டும் எஞ்சுகிறது என்றால், அவள் எதிலிருந்து ஒளிந்துகொள்கிறாள் என்று கேட்க வேண்டிய நேரம் அது. அப்போதும் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்.

அவளுக்கு ஒரு காதல் இருந்தால், அல்லது திருமணம் நடந்தால், பார்க்க வேண்டியவை வேறு. அவனைப் பற்றிப் பேசும்போது அவள் அவன் செயல்களைச் சொல்கிறாளா, அல்லது அவற்றுக்குக் காரணங்களை மட்டுமே சொல்கிறாளா? அவன் போன் செய்தால் முகம் மலர்கிறதா, வெளிறுகிறதா? முன்பு போல வந்துபோகிறாளா, ஒவ்வொன்றுக்கும் அவன் அனுமதிக்காகக் காத்திருக்கிறாளா? 'அவர் மனத்தளவில் நல்லவர்தான், கோபம் வந்தால் மட்டும்' என்ற வாக்கியம் மீண்டும் மீண்டும் வந்தால், அவள் அவனுக்குப் பிணை நிற்கத் தொடங்கிவிட்டாள் என்று பொருள். அந்த நேரத்தில் நாவல்களைக் குறைசொல்லி 'இதெல்லாம் படித்ததால்தான்' என்று தொடங்கிவிடாதீர்கள். அது பழியை அடிப்பவனிடமிருந்து எடுத்து அவள்மேல் வைப்பதாகும். அவன் செய்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், அது தவறு என்று சொல்லுங்கள், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம் என்று சொல்லுங்கள். முதல் தடவையிலேயே அவள் வந்துவிடமாட்டாள். மறுபடியும் சொல்லுங்கள்.